மூடிக்குள் ஒட்டிய தாள்

ஏப்ரல் 3, 2023, திங்கள்

தாரகேஷ் ஆடியோ என்ற கம்பெனி என்னுடைய பயாஸ் சர்க்யூட்டைத் திருடித் தன் பெயரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறது. திருடியதோடு நிற்கவில்லை. அந்தச் சர்க்யூட்டை வைத்து இனி ஆம்ப்ளிஃபயர் செய்யக் கூடாது என்று எனக்கே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறது. கோவில்பட்டியில் எஸ்.ஏ. ரேடியோஸ் என்ற பெயரில் நாற்பத்தாறு வருஷமாகக் கடை நடத்தும் சிவனணைந்தான் ஆகிய நான் இதை இன்றைய தேதியில் எழுதி வைக்கிறேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று பின்னால் எவனும் கேட்கக் கூடாது.

கடிதம் ஆங்கிலம். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆங்கிலம் கற்றதெல்லாம் டிரான்சிஸ்டர் டேட்டா புத்தகத்திலிருந்து. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். 'உடனே நிறுத்தவும்' என்பதற்கு அகராதி தேவைப்படவில்லை.

பயாஸ் என்றால் என்ன என்று மைக் செட்காரர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பாட்டு ஓடாதபோதும் பவர் டிரான்சிஸ்டர் கொஞ்சம் கரண்டு எடுத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தை அளந்து கொடுப்பதுதான் பயாஸ் சர்க்யூட். குறைத்துக் கொடுத்தால் குரல் கரகரக்கும். கூட்டிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் சுடும். சுட்டால் இன்னும் கரண்டு இழுக்கும், இழுத்தால் இன்னும் சுடும், கடைசியில் போய்விடும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஓடிய செட்டுகளெல்லாம் அப்படித்தான் போயின. என் செட்டு போகாது. சூட்டைப் பார்க்க நான் இரண்டு சின்ன டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறேன். ஒன்று அலுமினியத் தகட்டின் மேல். இன்னொன்று பவர் டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியின் மேலேயே. தகட்டில் இருப்பது நிதானமாகச் சொல்லும், தொப்பியில் இருப்பது உடனே சொல்லும். இரண்டையும் கேட்டு பயாஸ் தன்னைக் குறைத்துக்கொள்ளும். 1991இல் நான் செய்தது இது. நான்.

ஆவுடை வந்து என்ன தபால் என்று கேட்டாள். சொன்னேன். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படச் சொன்னாள். வெறும் வயிற்றில் கோபப்பட்டால் அல்சர் வருமாம். நாற்பத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் என் கோபத்தை இவள் ஒரு நாளும் கோபமாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கழுகுமலைக்காரர் செட்டுக்கு வால்யூம் கண்ட்ரோல் மாற்றினேன். கோபம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 6, வியாழன்

சாத்தூர் வைரவன் வந்தார். மைக் செட் வைத்திருப்பவர். சித்திரை மாதக் கோயில் கொடைகளுக்காக என்னிடம் இரண்டு செட்டு செய்யச் சொல்லியிருந்தார். ஒன்று முடிந்துவிட்டது. தூக்கிக் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி ஆட்கள் அவர் ஊரிலும் விருதுநகரிலும் கடை கடையாகப் போய், சிவனணைந்தான் செட்டு வாங்கினால் பின்னால் வழக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, உங்க மேல எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனா கொடை நடக்கும்போது எவனாவது வந்து செட்டத் தூக்கிட்டுப் போனா, ஊர்க்காரன் என்னையத் தூக்கிருவான்லா."

அவரைத் திட்டி அனுப்பினேன். அரை மணி கழித்து அவரே போன் செய்து, மதுரையில் பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவர் இருப்பதாக விலாசம் சொன்னார். தன் மருமகன் வேலை பார்க்கும் மில்லுக்கு ஏதோ தறிக் கருவிக்குக் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவராம். திட்டு வாங்கிவிட்டு உதவி செய்கிறவனிடம் கோபத்தைத் தொடர முடிவதில்லை. இதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

மதுரை போய் வந்தேன். பாத்திரக் கடை மாடியில் அலுவலகம். ஏஜென்ட் ஒரு பெண், நஸ்ரின் பாத்திமா. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்துவிட்டு இந்தப் பரீட்சையும் எழுதித் தேறியவள். வயது முப்பத்தைந்துக்குள். என் படத்தை விரித்ததும் பென்சிலால் கரண்டு போகும் வழியைத் தடவிக்கொண்டே வந்தாள். தொப்பியின் மேல் இருக்கும் டிரான்சிஸ்டர் வந்ததும் பென்சில் நின்றது. அழகாக இருக்கிறது என்றாள். படித்தவள் ஒருத்தி அப்படிச் சொல்வதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் நான் பாராட்டு வாங்கப் போகவில்லை.

எனக்குக் காப்புரிமை வேண்டும், அவன் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்றேன்.

மூன்று சல்லடை உண்டு என்றாள். புதிதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவனுக்குத் தானாகவே தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. செய்து பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதில் கவலை இல்லையாம். இரண்டாவதில் ஒரு தொந்தரவு வரலாமாம்: சூட்டைப் பார்க்க ஒன்று வைத்தவனுக்கு இரண்டு வைக்கத் தோன்றாதா என்று கேட்பார்களாம். அப்படித் தோன்றியிருந்தால் அதற்கு முன்னால் இருபது வருஷமாகச் செட்டுகள் எரிந்தது எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டேன். நல்ல பதில் என்று எழுதிக்கொண்டாள்.

பிறகு முதல் சல்லடைக்கு வந்தாள். இந்தப் படத்தை யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டாள். எங்கள் தொழிலின் வழக்கத்தைப் பெருமையாகவே சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் மூடியின் உள்பக்கம் சர்க்யூட் படத்தை அச்சடித்து ஒட்டிவிடுவோம். கொடை நடந்துகொண்டிருக்கும்போது எங்கோ ஒரு ஊரில் செட்டு நின்றுபோனால், பக்கத்து ஊர் ரிப்பேர்காரன் மூடியைத் திறந்து படத்தைப் பார்த்து அரை மணியில் ஓட்டிக் கொடுக்க வேண்டும். சாமியாடி எழுந்து நிற்கும்போது என்னைத் தேடிக் கோவில்பட்டிக்கு ஆள் அனுப்ப முடியுமா? படம் ஒட்டாமல் விற்கிறவனை எங்கள் தொழிலில் மனிதனாகவே மதிப்பதில்லை. அறுநூறு செட்டுக்குக் குறையாமல் ஒட்டியிருக்கிறேன்.

"பாத்தவங்ககிட்ட ரகசியமா வச்சுக்கங்கன்னு சொன்னீங்களா ஐயா?"

"ரகசியமா வைக்கிறதுக்கு எதுக்கும்மா ஒட்டணும்?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். விண்ணப்பம் போடும் நாளில் ஊருக்குத் தெரியாததாக இருந்தால்தான் அது புதிது என்று கணக்கு. முப்பத்திரண்டு வருஷமாக அறுநூறு மூடிக்குள் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. "உங்களுக்குக் கிடைக்காது ஐயா" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஒளித்து வைத்திருந்தால் உரிமை, பகிர்ந்து கொடுத்தால் ஒன்றுமில்லை. இதற்கு ஒரு சட்டம், அதற்கு ஒரு பரீட்சை.

ஏப்ரல் 11, செவ்வாய்

அந்தப் பெண்ணுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. தபால்தலை இல்லை.

ஏப்ரல் 13, வியாழன்

அவளே போன் செய்தாள். திங்கட்கிழமை நான் பாதியில் எழுந்து போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்காமல் போன மீதியைச் சொன்னாள்: எனக்குக் கிடைக்காதது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால் அவர்களுக்கும் கிடைக்கக் கூடாது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். ஆனால் சீக்கிரம் கொடுக்க வேண்டும். காப்புரிமை அலுவலகம் கேட்ட கேள்விகளுக்குக் கம்பெனி பதில் கொடுத்துவிட்டது. எந்த நாளிலும் வழங்கிவிடலாம். வழங்கிவிட்டால் நான் என் செட்டைச் செய்ய அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டு.

ஆக, என் சர்க்யூட்டை அவனிடமிருந்து காப்பாற்ற வேண்டுமென்றால் அது யாருடையதும் இல்லை என்று நானே நிரூபிக்க வேண்டும்.

அதற்குத் தேதி போட்ட தாள் வேண்டுமாம். கடையில் கட்டுக் கட்டாகத் தாள் இருக்கிறது. எதிலும் தேதி இல்லை. முதல் பன்னிரண்டு செட்டுக்கு ஒட்டிய தாளில் அடியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியில் தேதியும் இருந்தது. மறு அச்சுக்குக் கொடுத்தபோது அடி வரியை எடுத்துவிடச் சொன்னேன். அதோடு தேதியும் போய்விட்டது. வரியை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் வேறு. அது இப்போது முக்கியமில்லை.

ஏப்ரல் 15, சனி

நஸ்ரின் கம்பெனியின் விண்ணப்பத்தை வாங்கி, போனில் எனக்குத் தமிழில் சொன்னாள். தகட்டில் ஒன்று, தொப்பியில் ஒன்று, எல்லாம் என் படம் அப்படியே. எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்ற பட்டியலின் நான்காவது கோரிக்கையில் ஆர் பதினொன்று என்ற ரெசிஸ்டரைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார்களாம். இரண்டு டிரான்சிஸ்டரும் சொல்லும் சூட்டுச் செய்தியைப் பதப்படுத்தி நிலைநிறுத்தும் முக்கிய உறுப்பாம் அது.

அந்த ரெசிஸ்டர் என் படத்திலும் அதே இடத்தில், அதே எண்ணோடு இருக்கிறதே என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரில் சர்க்யூட்டைப் போட்டு ஓட்டிப் பார்த்தாளாம். ஆர் பதினொன்று இருந்தாலும் எடுத்தாலும் ஒரே விடை வருகிறதாம். இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம். நடுவில் எதுவும் ஓடவில்லை. அது என்ன வேலை செய்கிறது ஐயா என்றாள்.

அது ஸ்திரத்துக்கு, கோவில்பட்டி வெயில் கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றேன்.

சரி ஐயா என்றாள். அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 19, புதன்

முதல் பன்னிரண்டு செட்டையும் தேடி முடித்தேன். ஏழு பழைய இரும்புக்குப் போயிற்று. இரண்டு மழை வெள்ளத்தில். ஒன்று பெயின்ட் அடிக்கப்பட்டு, மூடி மாற்றப்பட்டு, நாலாட்டின்புதூரில் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஒன்றை வாங்கியவரும் இல்லை, அவர் வீடும் இல்லை.

மிச்சம் ஒன்று விளாத்திகுளத்தில் இருக்கிறது. ஆவுடையின் தம்பியிடம். அவன் அங்கே மைக் செட் வைத்திருக்கிறான். அவன் பெயரை நான் பதினேழு வருஷமாக வாயால் சொன்னதில்லை. இதிலும் எழுதப் போவதில்லை. 2006இல் ஒலிபெருக்கி உரிமையாளர் சங்கத்தில் என் செட்டுக்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தின் நடுவில் அவன் எழுந்து நின்று, தொப்பி மேல் வைத்தது நான் சொன்ன யோசனை என்றான். இருநூறு பேருக்கு முன்னால். நான் சால்வையை மேடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அவனுக்கு ஒரு டயோடுக்கும் டிரான்சிஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது. குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவன், பெட்டி தூக்குகிறவன்.

அங்கே இருக்கிறது என்று ஆவுடையிடம் சும்மா சொன்னேன். அவன் நம்பர் தெரியாது என்றும் சொன்னேன்.

"எங்கிட்ட இருக்கு. வாரா வாரம் பேசுதேன்" என்றாள். பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள்.

பதினேழு வருஷமாக வாரா வாரம். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன நடக்கிறதோ.

ஏப்ரல் 24, திங்கள்

எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம். ஆவுடையும் வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள்; வழக்கமாகக் கொடுக்க மாட்டாள்.

அவனுக்கு முழங்கால் போய்விட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "வாங்க அத்தான். வழி மறந்திருக்கும்னு நெனச்சேன்" என்றான். அக்காவும் தம்பியும் உள்ளே போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

செட்டு கொட்டகையில் இருந்தது. பச்சை எனாமல், முன்பக்கம் நான் கையால் எழுதிய எழுத்து. போன வாரம் கூட ஒரு கொடைக்குப் போய் வந்ததாம். திருகாணிகளெல்லாம் துருப்பிடித்து இறுகிவிட்டன. விரலால் தள்ளிப் பார்த்தேன். அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்குரூ டிரைவர் வேணும் அத்தான். வீம்ப வச்சித் தொறக்க முடியாது."

எண்ணெய் விட்டுக் காத்திருந்து திறந்தோம். தாள் அப்படியே இருந்தது. மஞ்சளாகி, ஓரம் மட்டும் கரையான் தொட்டிருந்தது. அடி வரி முழுதாக இருந்தது. 14-8-1991 என்ற தேதி தெளிவாக இருந்தது. வேறு சில விவரங்களும் இருந்தன.

அவன் அந்த அடி வரியை விரலால் துடைத்தான். படிக்கவில்லை, மனப்பாடம் போலிருக்கிறது. பிறகு, "உங்க பிந்தின தாள்ல உள்ள அந்தப் பதினோராம் நம்பர் என் செட்டுல கிடையாது, கவனிச்சீங்களா? முப்பத்திரெண்டு வருசம் ஓடியிருக்கு. ஒரு நாளு கூடப் போகல" என்றான்.

கவனித்தேன்.

செட்டைக் கொடு, மதுரைக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். தர முடியாது என்றான். செட்டு போகிற இடத்துக்கெல்லாம் கூட வருகிறவன் அவன்தானாம், தொழில் முறை அது. வேண்டுமானால் அதோடு அவனும் வருவானாம். திருடியவன் கம்பெனிக்காரன், எனக்கு நிபந்தனை போடுகிறவன் இவன்.

சாப்பாட்டில் உப்புக் குறைவு. அவன் மனைவி போய் நான்கு வருஷம் ஆகிறதாம். அவனே சமைக்கிறான். அந்தச் சாவுக்கும் நான் போகவில்லை.

ஏப்ரல் 26, புதன்

மதுரை. செட்டும் வந்தது, அவனும் வந்தான். அலுவலக மாடிப்படியில் அவனால் ஏற முடியவில்லை. நஸ்ரின் கீழே இறங்கி வந்து, பாத்திரக் கடை வாசலில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து தாளைப் படம் எடுத்தாள். அடி வரியைச் சத்தமாகவே படித்தாள்: "யோசனை: வ. சுடலையாண்டி. வரைபடம்: சிவனணைந்தான். 14-8-1991."

ஆமாம், நான்தான் அப்படி அச்சடிக்கச் சொன்னேன். 1991இல் சொன்னேன்.

அவள் அவனைக் கேட்டாள், யோசனை எப்படி வந்தது என்று. அவன் அதற்காகவே முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தவன் போல ஆரம்பித்தான். கொடையில் செட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் அவன். செட்டு சுடுகிறதா என்று விரலில் எச்சில் தொட்டு வைத்துப் பார்ப்பது பழக்கம். முதலில் சுடுவது தொப்பி, தகடு சுட நேரமாகிறது என்று கண்டிருக்கிறான்.

"அத்தான்ட்ட சொன்னேன், களவு வீட்டுக்குள்ள நடக்கு, நீங்க காவக்காரன ஊரெல்லையில நிறுத்தியிருக்கீங்கன்னு. அவ்வளவுதான்மா நான் சொன்னது. மத்ததெல்லாம் அவுக செஞ்சது. எனக்கு ஒரு எழவும் தெரியாது."

நான் இடையில் மூன்று தடவை குறுக்கிட்டேன். மூன்று தடவையும் நஸ்ரின், அவர் முடிக்கட்டும் ஐயா என்றாள்.

அவன் டீ குடிக்கப் போன பிறகு என்னிடம் சொன்னாள். இரண்டு தாளுமே வேண்டும். பழைய தாள், 1991லேயே இது ஊருக்குத் தெரியும் என்று காட்டும். அடி வரி இல்லாத மறு அச்சுத் தாள், கம்பெனி என் படத்தைத்தான் காப்பி அடித்தது என்று காட்டும். வேலையே செய்யாத ஒரு ரெசிஸ்டரை, அதே எண்ணோடு, அதே இடத்தில் தற்செயலாக எவனும் வைக்க மாட்டான். ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும்: இரண்டு தாளும் ஏன் வேறாக இருக்கின்றன? அடி வரி எங்கே போயிற்று? ரெசிஸ்டர் எங்கிருந்து வந்தது? சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் நான் அதற்குப் பதில் எழுத வேண்டும்.

"ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதானா ஐயா?" என்று கேட்டாள்.

அண்டா விலை விசாரிப்பது போலப் பாத்திரக் கடைக்காரரிடம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 27, வியாழன்

எழுதவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 28, வெள்ளி

எழுதவில்லை.

ஏப்ரல் 29, சனி

தாரகேஷ் ஆடியோவிலிருந்து போன். அவர்களுடைய தலைமை இன்ஜினியராம், பெயர் அபிநவ். மனு கொடுக்கப் போகிறேன் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. தேன் ஒழுகப் பேசினான். என்னைப் போன்ற முன்னோடிகள் மேல் கம்பெனிக்கு ரொம்ப மரியாதையாம். என் ஆயுள் வரை நான் மட்டும் அந்தச் சர்க்யூட்டை இலவசமாகச் செய்துகொள்ள எழுத்து மூலம் அனுமதி தருவார்களாம். கடைகளுக்கும் சொல்லிவிடுவார்களாம், வைரவன் செட்டை எடுத்துப் போகலாம். 'மரபுச் சிந்தனையாளர் சிவனணைந்தான்' என்று அவர்கள் புத்தகத்தில் என் படத்தைப் போட்டு, விழா வைத்து என்னைக் கௌரவிப்பார்களாம். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேசாமல் இருப்பது.

நேர்மையாகவே எழுதுகிறேன். உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. என் பெயர் மட்டும் இருக்கும், எந்தப் பத்திரத்திலும் எதையும் எழுத வேண்டாம் என்பது சிறிது நேரம் மனதுக்குள் ஓடியது.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். ஆர் பதினொன்று என்ன வேலை செய்கிறது?

பத்து நிமிஷம் பேசினான். வெப்ப அலையைத் தணிக்கிறதாம். இரண்டு உணரிகளுக்கும் இடையே சமநிலைப் பாலமாக நிற்கிறதாம். ஆறு மாத ஆராய்ச்சியில் அவர்கள் குழு கண்டடைந்த மதிப்பாம். முப்பத்தொரு வருஷத்தில் நானே அதைப் பற்றி இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை.

சர்க்யூட்டைத் திருடினான், சரி. என் அகங்காரத்தையும் சேர்த்துத் திருடி, அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்து என்னிடமே விற்கிறான். போனை வைத்துவிட்டேன். ஆவுடை யார் என்று கேட்டாள். முகம் பார்க்கும் கண்ணாடி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்திருக்கவும் கூடும்.

மே 1, திங்கள்

கடைக்கு விடுமுறை. காலையில் உட்கார்ந்து பிரமாணப் பத்திரத்தை எழுதினேன். நான்காவது பத்தி மட்டும் இங்கே நகல்:

"1991 ஆகஸ்ட் மாதத் தாளில் ஆர் 11 இல்லை. 1992இல் அச்சடித்த தாளில் உள்ளது. இடைப்பட்ட காலத்தில் சர்க்யூட்டில் எந்தக் குறையும் தென்படவில்லை. ஆர் 11 எந்த வேலையும் செய்யாது. சேர்த்து மூன்று மாதத்துக்குள் எனக்கே அது தெரியும். பவர் டிரான்சிஸ்டரின் தொப்பியின் மேல் சின்ன டிரான்சிஸ்டரை வைக்கும் யோசனை என் மைத்துனர் வ. சுடலையாண்டியுடையது. அதைச் சொல்லும் அடி வரியை 1992இல் நான் நீக்கச் சொன்னேன். நீக்கிய பிறகு, படத்தில் என்னால் வந்தது என்று சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. அதற்காகவே ஆர் 11ஐச் சேர்த்தேன். அதன் பிறகு செய்த ஒவ்வொரு செட்டிலும் அதை வைத்தேன்."

இதனால் நான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவன் காவல்காரன் என்று ஒரு வார்த்தை சொன்னான். தகட்டின் பேச்சை எவ்வளவு கேட்பது, தொப்பியின் பேச்சை எவ்வளவு கேட்பது என்று எட்டு மாதம் டிரான்சிஸ்டர்களை எரித்து எரித்துக் கண்டுபிடித்தது நான். அது மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தி நான்காவதைவிட நீளம்.

மே 2, செவ்வாய்

ஆவுடைக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். "இத 2006லயே மேடையில சொல்லியிருந்தா ஒரு சால்வையோட முடிஞ்சிருக்கும்" என்றாள். எழுந்து போய் மோருக்குத் தாளித்தாள்.

அவளிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

மே 4, வியாழன்

நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி நடக்க வேண்டியவை, யாரால் நடக்க வேண்டும் என்பதோடு:

நஸ்ரின் பாத்திமா நாளை வெள்ளிக்கிழமைக்குள் எதிர்ப்பு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். திங்கள் வரை தள்ளக் கூடாது. மனுவில் எங்கும் 'பாமரக் கண்டுபிடிப்பாளர்' என்று எழுதக் கூடாது. முதல் வரைவில் இருந்தது, அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

காப்புரிமை அலுவலகம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் போதும்.

தாரகேஷ் ஆடியோ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும். கடை கடையாகப் போய் மிரட்டியவர்கள் அதே கடைகளுக்கு மறுபடி போய், சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். அபிநவ் என்பவன் நேரில் வந்து சூடான தொப்பி மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். இது சட்டப்படி கேட்க முடியாது என்று நஸ்ரின் சொல்கிறாள். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

வைரவன் சனிக்கிழமை வந்து இரண்டு செட்டையும் எடுத்துப் போக வேண்டும். வராவிட்டால் நானே சாத்தூருக்குக் கொண்டுபோய் அவர் வாசலில் வைப்பேன்.

அச்சகத்தில் புதிய தாள் அடிக்க வேண்டும், அடி வரியோடு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எவரெவருக்கு வேண்டுமோ எடுத்துச் செய்துகொள்ளட்டும், இந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லை என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை இன்னும் எழுதவில்லை. எழுதுவேன்.

மாடிப்படி ஏற முடியாதவனைச் சென்னைக் காப்புரிமை அலுவலக விசாரணைக்கு எப்படிக் கூட்டிப் போவது என்று ஆவுடை யோசிக்க வேண்டும். ரயிலில் கீழ் பெர்த்து அவனுக்கு.

சுடலையாண்டி விசாரணையில் தொப்பி விஷயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். எச்சில் விரலில் ஆரம்பித்து, காவல்காரன் வரைக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

அவன் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசக் கூடாது. இதை வேறு யாராலும் செய்ய முடியாது. நான்தான் செய்ய வேண்டும்.